நீட் தேர்வுக் காலமும் இளமறிவியல் படிப்பும்: ஆரணிப் பட்டு நெசவாளர் குடும்ப மாணவரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மேல்நிலைக் கல்வியை முடித்து முதல் முயற்சியில் மருத்துவ இடம் பெறாத மாணவர் பலர், கலை அறிவியல் கல்லூரியில் இளமறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்துகொண்டே மீண்டும் நீட் தேர்வுக்கு ஆயத்தமாகின்றனர். இவ்விரண்டையும் ஒரே ஆண்டில் எவ்வாறு பொருத்துவது என்பதே இக்கட்டுரையின் வினா. திருவண்ணாமலை மாவட்டம் ஆரணி நகரின் பட்டு நெசவுச் சூழலைப் பின்புலமாகக் கொண்டு, தேர்வு விதிகள், பருவத்தேர்வுக் கால அட்டவணை, பாடப் பொருத்தம், குடும்பத் தொழிலின் காலச்சுழற்சி ஆகியவை இங்கு விளக்கமுறையில் ஆராயப்படுகின்றன. இளமறிவியல் படிப்பு நீட் தேர்வுக்கு ஏணியாக அமைவதில்லை. அத்தேர்வில் தவறுவோரைத் தாங்கும் தளமாகவே அமைகிறது என்பதும், அத்தளத்தைச் சிதைக்காமல் தேர்வெழுத ஏற்ற காலம் முதலாண்டே என்பதும் கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: நீட், இளமறிவியல், பருவத்தேர்வு, ஆரணி, பட்டு நெசவு, மறுமுயற்சி, 7.5 விழுக்காடு ஒதுக்கீடு.

முன்னுரை

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர். காஞ்சிபுரச் சேலையை விட எடை குறைந்ததாக நெய்யப்படும் ஆரணிப் பட்டு, புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. இவ்வூரில் நெசவு பெரும்பாலும் வீட்டுத் தொழில். பாவு ஓட்டுதல், தார் சுற்றுதல், தறியில் அமர்தல் என ஒவ்வொரு வேலையிலும் குடும்பத்தார் அனைவரின் உழைப்பும் கலந்திருக்கிறது. எனவே இத்தகைய வீட்டில் ஒரு மகனோ மகளோ ஓராண்டு முழுவதையும் ஒரு தேர்வுக்கென ஒதுக்குவது அவரது தனிப்பட்ட முடிவாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அது குடும்பத்தின் கூலிக்கணக்கைத் தொடும் முடிவாகும்.

மருத்துவக் கல்வி இன்று ஆரணிக்கு எட்டாத தொலைவில் இல்லை. வேலூரில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் 2005-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி 2013 முதல் இயங்கிவருகிறது. தொலைவு குறைந்திருப்பினும் நுழைவாயில் மாறிவிட்டது. அந்த மாற்றத்தைப் புரிந்துகொண்டாலன்றித் தேர்வுக் காலம் பற்றிய முடிவைத் தெளிவாக எடுக்க இயலாது.

1. நுழைவாயில் மாறிய வரலாறு

தமிழகத்தில் 1978-இல் மேல்நிலைக் கல்வி அறிமுகமாகும்வரை, பள்ளி முடித்தோர் கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பில் பயின்றனர். இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் கல்லூரி ஆசிரியரிடமே கற்கப்பட்டன. மருத்துவச் சேர்க்கையும் பட்டப்படிப்புச் சேர்க்கையும் அவ்வகுப்பிலிருந்தே கிளைத்தன. அன்று கல்லூரியின் அறிவியல் வகுப்பும் மருத்துவக் கல்லூரியின் நுழைவாயிலும் அடுத்தடுத்த படிகளாக இருந்தன. மேல்நிலைக் கல்வி பள்ளிக்குள் வந்தபின் இத்தொடர்ச்சி அறுந்தது. மருத்துவத்துக்குச் செல்வோர் பள்ளியிலிருந்தே செல்ல, இளமறிவியல் தனிப்பாதையாயிற்று.

1984 முதல் மாநில அரசின் நுழைவுத்தேர்வு நடைமுறையில் இருந்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீக்கப்பட்டு, 2007–08 முதல் மேல்நிலைப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணே சேர்க்கைக்கு அடிப்படையாயிற்று. 2016-இல் மாநில இடங்களுக்கு ஓராண்டு விலக்குக் கிடைத்தது. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின்படி நீட் மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடைபெற்றது.

இம்மாற்றத்தின் விளைவை நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021-இல் அளித்த அறிக்கை எடுத்துக்காட்டியது. மருத்துவ இடம் பெற்றோருள் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்தவர் 2016–17-இல் 12.47 விழுக்காட்டினர், 2020–21-இல் அவர்கள் 71.42 விழுக்காட்டினர். இதனால் மறுமுயற்சி என்பது விதிவிலக்காக இருந்த நிலை மாறி, பொதுவழியாகவே ஆகிவிட்டது புலனாகிறது. ஓராண்டு கூடுதலாகச் செலவிட வசதியுள்ளவருக்கு இவ்வழி எளிது. வசதியற்றவர் அந்த ஓராண்டை எங்கே, எவ்வாறு கழிப்பது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவின் உட்பொருள்.

2. அயல்நாட்டு முறைகளுடன் ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் மருத்துவக் கல்வி, பட்டப்படிப்புக்குப் பின்னரே தொடங்குகிறது. அங்கு நடத்தப்பெறும் எம்கேட் என்னும் தேர்வு, கல்லூரியில் கற்ற உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றைச் சோதிக்கிறது. 2015 முதல் உயிர்வேதியியல், உளவியல், சமூகவியல் ஆகியனவும் அதில் இடம்பெறுகின்றன. சனவரி முதல் செப்டம்பர் வரை பல நாள்களில் அத்தேர்வு நடைபெறும். எனவே அங்குள்ள மாணவர் கேட்கும் வினா, எந்தப் பாடத்தை முடித்தபின் தேர்வெழுதுவது என்பதாகும். பாடம் முன்னே செல்ல, தேர்வு பின்னே வருகிறது.

இலங்கையில் மருத்துவச் சேர்க்கை உயர்தரப் பரீட்சையின் இசற்புள்ளி அடிப்படையில் அமைகிறது. மாவட்ட ஒதுக்கீடும் உண்டு. அப்பரீட்சைக்கு மூன்று தடவை மட்டுமே தோற்றலாம் என்னும் வரம்பு, மாணவர் எப்போது வேறு வழி நாட வேண்டும் என்பதை விதியாலேயே உணர்த்திவிடுகிறது.

நீட் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அதன் பாடத்திட்டம் 11, 12-ஆம் வகுப்புகளுக்குரியது. கல்லூரிப் பாடம் அதில் இல்லை. ஆண்டுக்கு ஒரே முறை நடைபெறுகிறது. முயற்சிகளின் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. உச்ச வயது வரம்பும் 2022-இல் நீக்கப்பட்டுவிட்டது. இவ்வாறு விதி வரம்பிடாத இடத்தில் மாணவரும் குடும்பத்தாருமே வரம்பிட்டுக்கொள்ள வேண்டியவராகின்றனர்.

3. இளமறிவியல் மாணவரின் தகுதிநிலை

இளமறிவியலில் சேர்ந்தால் நீட் எழுதும் தகுதி போய்விடும் என்னும் அச்சம் சில குடும்பங்களில் நிலவக்கூடும். அதற்கு விதியில் இடமில்லை. மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம், ஆங்கிலம் ஆகியவற்றைப் பயின்று உரிய மதிப்பெண்ணுடன் தேறி, சேர்க்கை ஆண்டின் திசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்தவர், கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தாலும் விண்ணப்பிக்கலாம்.

இதற்கு மாறான ஓர் எண்ணமும் உண்டு. இளமறிவியல் முடித்தால் மருத்துவச் சேர்க்கையில் முன்னுரிமை கிடைக்கும் என்பதே அது. நீட் தகுதி விதிகளில் இளமறிவியல் தேர்ச்சியும் ஒரு தகுதிப் பிரிவாகக் குறிக்கப்பட்டுள்ளது உண்மையே. ஆயின் அது தேர்வெழுதத் தகுதி தருவதன்றி மதிப்பெண்ணோ தனி இடமோ தருவதில்லை. கல்லூரியின் அறிவியல் வகுப்பு மருத்துவத்தின் நுழைவாயிலாக இருந்த காலத்தின் எச்சமாகவே அப்பிரிவைக் கருதலாம்.

அரசுப் பள்ளி மாணவர்க்கு மற்றொரு செய்தி முதன்மையானது. 6 முதல் 12-ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்று நீட் தகுதி பெற்றோர்க்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கப்படுகிறது. இவ்வுரிமை பள்ளிப் படிப்பைப் பொறுத்தது. இடையில் ஓராண்டு கல்லூரியில் பயின்றதால் அது இழக்கப்படுவதில்லை.

4. மூன்று நாட்காட்டிகள்

ஆரணி மாணவரின் ஓராண்டில் மூன்று நாட்காட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன.

முதலாவது, நீட் நாட்காட்டி. பெருந்தொற்றுக் காலம் நீங்கலாக, இத்தேர்வு மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் நடைபெறுவது வழக்கமாகியுள்ளது. 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் மே 7, 2024-இல் மே 5, 2025-இல் மே 4 என நாள்கள் அமைந்தன. முடிவு சூன் மாதத்தில் வெளியாகும். மாநிலக் கலந்தாய்வு சூலை இறுதியிலோ அதன் பின்னரோ தொடங்கிப் பல சுற்றுகளாக நீளும்.

இரண்டாவது, கல்லூரி நாட்காட்டி. ஆரணிப் பகுதிக் கல்லூரிகள், வேலூரில் 2002-இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றவை. ஒற்றைப்படைப் பருவத்தேர்வு நவம்பர் ஒட்டியும் இரட்டைப்படைப் பருவத்தேர்வு ஏப்ரல், மே மாதங்களிலும் நடைபெறுவது பொதுவழக்கு. ஆகவே இரண்டாம் பருவத்தின் செய்முறைத் தேர்வும் எழுத்துத் தேர்வும் நீட் தேர்வின் இறுதி ஆறு வாரங்களோடு நேரடியாக மோதுகின்றன. மாணவர் உணரவேண்டிய முதன்மையான முரண் இதுவே.

மூன்றாவது, தறியின் நாட்காட்டி. தமிழ்நாட்டில் ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் நடத்துவதில்லை. தை பிறந்ததும் முகூர்த்த நாள்கள் தொடங்குகின்றன. முகூர்த்தச் சேலை கடைக்கு வருமுன் தறியில் நெய்யப்பட வேண்டும் என்பதால், கடைக்கு விற்பனைக் காலம் வருமுன்பே தறிக்கு வேலைக் காலம் வந்துவிடுகிறது. தை முதல் வைகாசி வரையிலான திருமணங்களுக்குரிய நெசவு மார்கழியிலிருந்து சித்திரை வரை நீள்கிறது. சித்திரையின் நடுப்பகுதியில்தான் நீட் வருகிறது. ஆகவே மாணவருக்கு நேரம் மிகத் தேவைப்படும் மாதங்களும், வீட்டில் கை மிகத் தேவைப்படும் மாதங்களும் ஒன்றாக அமைகின்றன.

இம்மூன்றையும் ஒருங்கே நோக்கினால், ஒற்றைப்படைப் பருவத்தேர்வு முடிந்து அடுத்த பருவம் சூடுபிடிக்கும் வரையிலான திசம்பர், சனவரி வாரங்களே கல்லூரிச் சுமை குறைந்த காலம் என்பது தெளிவாகும். அவ்வாரங்களில் தறி வேலையிலிருந்து மாணவரை விடுவிக்க இயலுமா என்பதைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே குடும்பம் பேசி முடிவு செய்தல் நன்று. ஏப்ரலில் எடுக்கும் முடிவு காலங்கடந்ததாகிவிடும்.

5. நேரக் கணக்கு

கல்லூரிக்குச் செல்பவருக்கும் செல்லாதவருக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம். சூலை முதல் நாளிலிருந்து மே முதல் ஞாயிறு வரை ஏறத்தாழ 43 வாரங்கள். வீட்டிலிருந்து முழுநேரமும் ஆயத்தமாகும் ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்தில் 6 நாள் படித்தால் 2,064 மணி நேரம் கிடைக்கும். கல்லூரி மாணவர் வேலை நாள்கள் ஐந்தில் இரண்டிரண்டு மணி நேரமும் சனி, ஞாயிறுகளில் நான்கு நான்கு மணி நேரமும் ஒதுக்கினால் வாரத்துக்கு 18 மணி நேரம். பருவத்தேர்வுகளுக்கும் அகமதிப்பீட்டுத் தேர்வுகளுக்கும் 8 வாரங்களைக் கழித்தால் எஞ்சும் 35 வாரங்களில் 630 மணி நேரம் கிடைக்கும். முன்னவர் பெறும் நேரத்தில் இது மூன்றில் ஒரு பங்கினும் குறைவு.

இக்கணக்கு மாணவரைத் தளரச் செய்வதற்குரியதன்று. 630 மணி நேரத்தில் முழுப் பாடத்திட்டத்தையும் புதிதாகக் கற்க இயலாது. கற்றதைச் செப்பனிட இயலும் என்பதையே அது உணர்த்துகிறது. முதல் முயற்சியில் தகுதி மதிப்பெண்ணை நெருங்கியவருக்கு இந்நேரம் பயன்படும். அடிப்படையே உறுதியாகாதவருக்கு இரட்டைச் சுமையால் இரண்டும் கெடக்கூடும். ஆதலால் முதல் முயற்சியின் மதிப்பெண்ணைப் பாடவாரியாகப் பகுத்து நோக்கிய பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

6. பாடப் பொருத்தம்

நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு 360. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 180. விலங்கியலையோ தாவரவியலையோ முதன்மைப் பாடமாகவும் வேதியியலைச் சார்புப் பாடமாகவும் கொண்ட மாணவர், மூன்றில் இரு பாடங்களோடு தொடர்பு அறாமல் இருப்பார். வேதியியலை முதன்மைப் பாடமாக எடுப்பவருக்கு உயிரியல் தொடர்பு அறுபடக்கூடும். மதிப்பெண்ணில் பாதி அதற்குரியது என்பதை அவர் கருத வேண்டும். உயிரியல் சார்ந்த பட்டப்படிப்பில் சேர்ந்தவர் இயற்பியலைத் தாமே கற்க வேண்டியவர். ஆகவே வீட்டில் கிடைக்கும் நேரத்தில் பெரும்பங்கை இயற்பியலுக்கு ஒதுக்குவது பொருத்தமாகும்.

எனினும் பொருத்தத்தை மிகைப்படுத்தலாகாது. பருவத்தேர்வு விரிவான விடையைக் கோருகிறது. நீட், சரியான விடைக்கு 4 மதிப்பெண் அளித்துத் தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கும் தேர்வு. ஒரே உயிரணுவியலைக் கற்றாலும், ஒன்றுக்கு விளக்கும் திறனும் மற்றொன்றுக்கு விரைந்து தெரியும் திறனும் தேவை.

தமிழ்வழியில் பள்ளிக் கல்வி பெற்றவருக்குக் கல்லூரி ஓர் எதிர்பாராத நன்மையைத் தருகிறது. நீட் வினாத்தாளைத் தமிழில் பெறலாம். அதில் ஆங்கில வடிவமும் இணைந்திருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. கல்லூரியில் ஓராண்டு ஆங்கிலக் கலைச்சொற்களோடு பழகியவர் இரு வடிவங்களையும் ஒப்பிட்டு வினாவைத் தெளியலாம். மருத்துவக் கல்லூரியில் ஆங்கிலவழிப் பாடத்தை எதிர்கொள்ளவும் அப்பயிற்சி உதவும்.

7. மூன்று வழிகள்

ஓராண்டு இடைவெளி விட்டு முழுநேரமும் ஆயத்தமாவது முதல் வழி. நேரம் மிகுதி என்பது அதன் வலிமை. தோற்றால் கையில் ஒன்றும் எஞ்சாது என்பது அதன் குறை. பயிற்சி மையக் கட்டணமும் விடுதிச் செலவும் தனி. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி தொடரும் மாணவியர்க்குப் புதுமைப் பெண் திட்டமும் (2022), மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன. கல்லூரியில் சேராமல் வீட்டிலிருப்பவர் இவ்வுதவியைப் பெற இயலாது. தறிக்கூலியை நம்பிய வீட்டில் இது சிறு தொகையன்று.

இளமறிவியலின் முதலாண்டிலேயே மறுமுயற்சி செய்வது இரண்டாம் வழி. மேல்நிலைப் பாடம் நினைவில் பசுமையாக இருக்கும். முதலாண்டில் மொழிப் பாடங்களும் சார்புப் பாடங்களும் கலந்திருப்பதால் முதன்மைப் பாடச் சுமை பிந்தைய ஆண்டுகளை விடக் குறைவு. எதிர்பாராது ஒரு தாளில் தவறினும் அதனை நிலுவைத் தாளாக அடுத்த பருவங்களில் எழுதித் தேறலாம். ஆயின் வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வெழுதும் உரிமையே பாதிக்கப்படும். நிலுவைத் தாளை மீட்கலாம், இழந்த பருவத்தை மீட்பது கடினம். எனவே நீட் பயிற்சிக்காகக் கல்லூரிக்கு நெடுநாள் செல்லாதிருப்பது இவ்வழியின் பயனையே அழித்துவிடும்.

பட்டம் முடித்தபின் தேர்வெழுதுவது மூன்றாம் வழி. விதி இதனை அனுமதிக்கிறது. ஆனால் 21 வயதில் தொடங்கும் மருத்துவப் படிப்பு, உறைவிடப் பயிற்சி உட்பட ஐந்தரை ஆண்டுகள் கழித்தே நிறைவுறும். மூன்றாண்டு இடைவெளியில் மேல்நிலை இயற்பியல் மறந்துபோகும். மூன்றாம் ஆண்டில் முதுநிலை நுழைவுத்தேர்வுகளுக்கும் ஆயத்தமாக வேண்டியிருக்கும். ஆகவே இதனை முதன்மைத் திட்டமாகக் கொள்வது அரிதாகவே பொருந்தும்.

8. விலகும்போது கருத வேண்டியவை

மறுமுயற்சியில் வென்றவர் கல்லூரியிலிருந்து விலகும் நிலை, கலந்தாய்வு நடைபெறும் மாதங்களில் நேர்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, கல்வி நிறுவனங்கள் மாணவரின் மூலச் சான்றிதழ்களைப் பிடித்துவைத்தல் கூடாது. சேர்க்கையின் இறுதிநாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகுவோர்க்குச் சிறு செயலாக்கக் கட்டணம் நீங்கலாக முழுத்தொகையும், அதற்குப்பின் இறுதிநாள் வரை விலகுவோர்க்கு 90 விழுக்காடும், இறுதிநாளுக்குப் பின் 15 நாளுக்குள் 80 விழுக்காடும், 30 நாளுக்குள் 50 விழுக்காடும் திருப்பித்தர வேண்டும். அதன்பின் விலகுவோர்க்குத் தொகை இல்லை. 2024–25-க்குச் செப்டம்பர் 30 வரை முழுத்தொகை திருப்பித்தர அக்குழு அறிவுறுத்தியது.

முதல் முயற்சி எழுதி முடிவுக்காகக் காத்திருந்தே கல்லூரியில் சேர்பவர்க்கு இவ்விதி மிகவும் பயன்படும். கட்டணம் செலுத்திய பற்றுச்சீட்டையும் சேர்க்கை இறுதிநாள் குறித்த அறிவிப்பையும் பாதுகாத்து வைத்தல் வேண்டும். விலகல் விண்ணப்பத்தை எழுத்து வடிவில் நாளிட்டு அளித்தல் வேண்டும். மாற்றுச் சான்றிதழ் பெறுமுன் மருத்துவ இடம் உறுதியாகியுள்ளதா என்பதைத் தெளிந்துகொள்வது இன்றியமையாதது. ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வருமுன் கல்லூரி இடத்தை விட்டவர் இரண்டையும் இழக்கக்கூடும்.

மருத்துவ இடம் கிட்டாதபோதும் அதே நீட் மதிப்பெண் சித்த மருத்துவம், ஆயுர்வேதம், ஓமியோபதி ஆகிய பட்டப்படிப்புகளுக்கு வழிதிறக்கும் என்பதையும் குடும்பத்தார் அறிந்திருத்தல் நன்று.

முடிவுரை

தமிழகத்தில் இத்தேர்வை ஒட்டி நிகழ்ந்த மாணவர் உயிரிழப்புகள், ஒரே நாளில் நடைபெறும் தேர்வின்மீது முழு வாழ்வையும் ஏற்றிவைக்கும் இடரைக் காட்டின. இளமறிவியல் படிப்பு அந்த இடரைக் குறைக்கிறது. தேர்வில் தவறியவரும் அடுத்த திங்களில் ஒரு வகுப்பின் மாணவராகவே இருக்கிறார். இக்கண்ணோட்டத்தில் ஆய்வின் முடிவுகள் பின்வருமாறு அமைகின்றன.

1. நீட் பாடத்திட்டம் மேல்நிலைப் பாடத்திட்டமே. எனவே பட்டப்படிப்பில் மேலும் முன்னேறிய பின் எழுதலாம் எனக் காத்திருப்பதால் நன்மையில்லை. மறுமுயற்சிக்கு ஏற்றது முதலாண்டே.

2. ஏப்ரல், மே மாத மோதலைத் தவிர்க்க இயலாது. இரண்டாம் பருவப் பாடங்களை மார்ச்சுக்குள் ஒருமுறை முடித்து, திசம்பர், சனவரி வாரங்களை நீட் தேர்வுக்குரிய செறிவான காலமாகக் கொள்ளலாம்.

3. விதி வரம்பிடாத நிலையில் மாணவரே வரம்பிட வேண்டும். முதலாண்டு முயற்சியின் மதிப்பெண் முந்தையதை விடக் குறிப்பிடத்தக்க அளவு உயராவிடில், பட்டப்படிப்பைத் தொடர்வதே தக்கது. உயர்ந்தும் இடம் கிட்டாதோர் இரண்டாம் ஆண்டில் மேலும் ஒருமுறை முயலலாம்.

4. தறி வேலையில் மாணவரின் பங்கு எந்த மாதங்களில் குறைக்கப்படும் என்பதைச் சூன் மாதத்திலேயே குடும்பம் முடிவு செய்ய வேண்டும்.

கல்லூரிகளும் இதில் செய்யத்தக்கது உண்டு. நீட் நாளையும் அதற்கு முன்பின் நாள்களையும் பருவத்தேர்வு அட்டவணையில் விலக்கி வைத்தால், முதல் தலைமுறை மாணவர் பலரின் சுமை குறையும். மே முதல் ஞாயிறு ஆண்டுதோறும் முன்கூட்டியே அறியக்கூடிய நாள் என்பதால் இது செயற்படுத்தற்கு அரிய ஒன்றன்று.